சப்பாத்துக் கயிற்றை ஒரு முறை கட்டினால் போதுமா?

2018 ஜூலையில் மலேசியாவின் அன்றைய கல்வியமைச்சர் மஸ்லீ மாலிக், மறு ஆண்டு முதல் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சப்பாத்து கறுப்பாக மாறும் என்று அறிவித்தபோது நாடு முழுக்க அதே பேச்சுதான். அழுக்குத் தெரியாது, அம்மாக்களுக்கு வேலை மிச்சம் என்று சிலர் வரவேற்றார்கள். இருக்கிற சப்பாத்தை என்ன செய்வது, புதிதுக்கு யார் காசு கொடுப்பது என்று சிலர் கேட்டார்கள். கல்வியில் இவ்வளவு சிக்கல் இருக்க அமைச்சர் கண்ணில் பிள்ளைகளின் கால்தானா பட்டது என்று கேலி செய்தவர்களும் உண்டு. உண்மையில் காலைப் பற்றி யாருமே பேசவில்லை. நிறத்தைப் பற்றிப் பேசினோம், விலையைப் பற்றிப் பேசினோம், அரசியலும் பேசினோம். அந்தச் சப்பாத்து பிள்ளையின் காலைச் சரியாகப் பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் இடமில்லாமல் போனது. பெரியவர்களான நாமும் நம் சப்பாத்து விஷயத்தில் அப்படித்தான் இருக்கிறோம். கடையில் எண்ணைச் சொல்லி வாங்குகிறோம், முதல் நாள் கயிற்றைக் கட்டுகிறோம், சப்பாத்து கிழியும்வரை அந்த முடிச்சு அப்படியே கிடக்கிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ஓடவும் விளையாடவும் வேகமாக நடக்கவும் போடும் சப்பாத்தின் பொருத்தத்தைப் பெட்டியில் அச்சடித்த எண் தொடங்கி வைக்கிறது, கயிறு முடித்து வைக்கிறது. அந்த இரண்டாவது வேலையை நாம் செய்வதே இல்லை. பள்ளிகளில் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நாம் ஏன் செய்வதில்லை என்பதற்கு நம் வாழ்க்கை முறையிலேயே பதில் இருக்கிறது. கயிறு கட்டும் சப்பாத்து, காலையில் போட்டால் இரவில் கழற்றும் குளிர்நாட்டு மக்களின் பழக்கத்துக்கு ஏற்ப உருவானது. மலாக்காவில் ஒரு தமிழ்க் குடும்பம் ஒரு நாளில் எத்தனை வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிறது என்று பாருங்கள். வீட்டு வாசல், கோயில் வாசல், உறவினர் வீட்டு வாசல், பல பள்ளிகளில் கணினி அறை வாசல், நூலக வாசல். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து அவிழ்த்து, திரும்பி வந்து குனிந்து கட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஆகவே நாம் ஒரு சமரசம் செய்துகொண்டோம். கால் தானாக நுழைந்து தானாக வெளிவரும் அளவுக்குக் கயிற்றைத் தளர்வாகக் கட்டி, அதை நிரந்தரமாக விட்டுவிட்டோம். அவசரமென்றால் குதிகால் பக்கத்தை மிதித்துச் சப்பாத்தையே செருப்பாக்கிவிடுகிறோம். குதிகாலை அணைத்து நிற்க வேண்டிய அந்தக் கடினமான பின்சுவர் ஒரு முறை மடிந்தால் பிறகு நிமிர்வது அரிது. சந்தைக்குப் போய்வர இந்தச் சமரசம் போதும். அதே சப்பாத்து, அதே முடிச்சோடு மாலையில் திடலில் இறங்கும்போதுதான் தொல்லை. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கால் சப்பாத்துக்குள் முன்னே சறுக்குகிறது, விரல்நுனி முன்சுவரில் மோதுகிறது, குதிகால் மேலெழும்பி உரசுகிறது. நகம் கறுத்தால், குதிகாலில் கொப்புளம் வந்தால், ‘சப்பாத்து கடிக்கிறது’ என்று பழி சப்பாத்தின் மேல் போகிறது.

வெள்ளைச் சப்பாத்துக் காலத்தில் இதற்கு ஓர் எதிர்பாராத மருந்து இருந்தது. துணிச் சப்பாத்தை வார இறுதியில் கழுவியே ஆக வேண்டும். கழுவ வேண்டுமென்றால் கயிற்றை முழுக்க உருவ வேண்டும். கயிற்றைத் தனியாக அலசி, வெயிலில் போட்டு, சப்பாத்துக்கு வெள்ளை பூசிக் காயவைத்து, ஞாயிறு மாலை மறுபடி துளை துளையாகக் கோர்க்க வேண்டும். தோட்ட லயங்களிலும் தாமான் வீடுகளிலும் அந்த வேலை பெரும்பாலும் பிள்ளைகள் தலையில்தான் விழுந்தது. யாரும் பாடம் நடத்தாமலேயே, வாரம் ஒரு முறை கயிறு கோர்க்கும் பயிற்சி அவர்களுக்குக் கிடைத்துவந்தது. அழுக்குக் காட்டாத கறுப்புச் சப்பாத்து வந்தது; ஒட்டுப்பட்டை வைத்த சப்பாத்துகளும் பெருகின. அம்மாக்களின் சுமை குறைந்தது நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கயிறு கோர்க்கத் தெரியாத பிள்ளை இடைநிலைப்பள்ளியில் முதல் முறையாக ஓட்டச் சப்பாத்து வாங்கும்போது, கடைக்காரர் கோர்த்துக் கொடுத்தபடியே அதை ஈராண்டு போட்டுக்கொண்டு திரிவதும் இதன் தொடர்ச்சிதான்.

பொருந்தாத சப்பாத்து என்பது ஏதோ சிலருடைய தொல்லை என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பல்ட், மென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதுபற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2018இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். அதன்படி, சோதிக்கப்பட்டவர்களில் 63 முதல் 72 விழுக்காட்டினர் நீளத்திலோ அகலத்திலோ தங்கள் காலுக்குப் பொருந்தாத சப்பாத்தைப் போட்டிருந்தார்கள். இதில் அகலம்தான் நமக்கு முக்கியம். பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் நீளத்தை மட்டுமே சொல்கிறது. இந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்கள், அதே நாட்டில் சப்பாத்துப் போட்டுப் பழகியவர்கள், பெல்ஜியத்துக்காரர்கள் என்று மூன்று கூட்டத்தாரின் பாதங்களை அளந்து ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வொன்று, வெறுங்கால்காரர்களின் பாதம் முன்பகுதியில் அகன்றிருப்பதையும், பெல்ஜியத்துக்காரர்களின் பாதம் ஒடுங்கியிருப்பதையும் காட்டியது. வீட்டிலும் கோயிலிலும் பாதி நாள் வெறுங்காலோடு இருக்கும் நம் சமூகத்தில், முன்பாதம் விரிந்து குதிகால் ஒடுங்கிய கால் அரிதாக இருக்க வாய்ப்பில்லை. அப்படிப்பட்ட காலுக்கு முன்பக்கம் இடம் கிடைக்க வேண்டுமென்று ஓர் எண் பெரிதாக வாங்குவோம். உடனே குதிகால் பக்கம் லொடலொடக்கும். ‘வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷமும் ஆகட்டும்’ என்று வாங்கிய சப்பாத்தில் இது இரட்டிப்பாகும். முன்னே தளர்த்தி, பின்னே இறுக்கித் தர ஒரு சப்பாத்தில் இருக்கும் ஒரே கருவி கயிறு.

கயிற்றால் உண்மையிலேயே மாற்றம் வருமா, அல்லது ஓட்டக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் நம்பிக்கையா? ஜெர்மனியின் டூயிஸ்பர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாகென், ஹென்னிக் ஆகிய இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டது. அனுபவமுள்ள 20 ஓட்டக்காரர்களை ஒரே வகைச் சப்பாத்தோடு, ஆறு விதமாகக் கயிறு கட்டி ஓடவிட்டார்கள். சிலவற்றில் கீழ்த்துளைகளில் மட்டும் கயிறு, சிலவற்றில் தளர்வு, சிலவற்றில் இறுக்கம், ஒன்றில் ஏழு துளையும் பயன்பட்டது. இறுக்கமாகக் கட்டியபோது கால் தரையைத் தொடும் கணத்தில் சுமை ஏறும் வேகமும், பாதம் உள்பக்கம் சாயும் வேகமும் குறைந்தன. ஏழு துளையிலும் கோர்த்தபோது குதிகாலின் கீழ் விழும் உச்ச அழுத்தம் மிகக் குறைவாக இருந்தது. இதில் எனக்கு வியப்பளித்தது வேறொன்று. வழக்கமான ஆறு துளைக் கட்டுக்கும் ஏழு துளைக் கட்டுக்கும் வசதியில் ஓடியவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. கருவிகள் வேறுபாட்டைக் காட்டின, கால் காட்டவில்லை. ‘எனக்கு இப்படியே வசதியாகத்தான் இருக்கிறது’ என்ற சொல்லை முழுக்க நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நம் சப்பாத்துகளின் ஏழாவது துளை, அதாவது கணுக்காலை ஒட்டிச் சற்றே பின்தள்ளி இருக்கும் அந்தக் கடைசித் துளை, பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது.

இருபது பேரை வைத்து ஊருக்கே சட்டம் போடலாமா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அந்த ஆய்வு ஆய்வுக்கூடத்தில், ஒரே வேகத்தில், பழகிய ஓட்டக்காரர்களை வைத்து நடந்தது. காயங்களை அது எண்ணவில்லை; குறைய வாய்ப்புண்டு என்று ஊகித்தது, அவ்வளவே. கயிற்றை மாற்றிக் கட்டினால் முழங்கால் வலி போகும், ஓட்ட நேரம் குறையும் என்று யாராவது சொன்னால் நானும் நம்ப மாட்டேன். டாக்டர் மணி ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 49 ஆண்டு ஆனது. 2017இல் முறியடித்தவர் நம் மலாக்காவின் கைருல் ஹாஃபிஸ் ஜன்தான், 20.90 விநாடி. நூறில் இரண்டு பங்கு விநாடிக்கு அரை நூற்றாண்டு உழைப்பு. அதைக் கயிற்றின் கணக்கில் எழுதுவது அந்த இருவரையும் அவமதிப்பதாகும். என் வாதம் அதைவிடச் சிறியது, அதனால்தான் உறுதியானது. கால் சப்பாத்துக்குள் சறுக்கினால் உரசும், உரசினால் கொப்புளம் வரும். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. சறுக்கலைத் தடுக்கக் காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. தோற்றாலும் இழப்பு ஐந்து நிமிடம். இருநூறு வெள்ளிக்கு வேறு சப்பாத்து வாங்கிச் சோதிப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி எப்படிக் கட்டுவது என்பதற்கு வருவோம். கயிற்றின் இரு முனையையும் பிடித்து மேலே வெடுக்கென்று இழுத்தால் சப்பாத்து முழுவதும் இறுகிவிடும் என்பது பொதுவான எண்ணம். இறுகுவது மேல் இரண்டு துளை மட்டும்தான். ஒவ்வொரு துளையிலும் கயிறு உராய்ந்து வளைவதால் மேலே கொடுத்த இழுப்பு கீழே இறங்குவதற்குள் தேய்ந்துவிடுகிறது. அதனால்தான் காலின் மேற்பகுதி நெரிபட, முன்பகுதி தொளதொளவென்று நிற்கிறது. செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். கயிற்றைக் கீழ்வரை தளர்த்தி, காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்சுவரோடு ஒட்டவைத்து, கீழ்த்துளையிலிருந்து ஒவ்வோர் அடுக்காக இறுக்கிக்கொண்டே மேலே வர வேண்டும். விரல் பகுதியில் சற்றுத் தளர்வு, நடுவில் பிடிப்பு, கணுக்காலருகே உறுதி. பலருக்கு இது ஒன்றே போதும். புதுப் பின்னல் எதுவும் தேவைப்படாது. மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் பர்க்கார்ட் போல்ஸ்டர், கயிறு கோர்க்கும் முறைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்து 2002இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மிகக் குறைந்த நீளக் கயிறு போதுமான முறை வேறொன்று என்றாலும், இரு பக்கத்தையும் வலுவாகச் சேர்த்துப் பிடிப்பதில் உலகம் காலங்காலமாகக் கையாளும் குறுக்குக் கோர்ப்பும் நேர்க்கோர்ப்பும்தான் சிறந்தவை என்று முடிவு வந்தது. ஆக, நாம் அறிந்த குறுக்குக் கோர்ப்பைக் கைவிட வேண்டியதில்லை. கால் கேட்கிற இடத்தில் மட்டும் அதைச் சற்றே மாற்ற வேண்டும்.

குதிகால் எழும்புகிறவர்களுக்கு அந்தக் காலித் துளைதான் விடை. கடைசிக்கு முந்திய துளைவரை வழக்கம்போல் குறுக்காக வந்த பிறகு, முனையை எதிர்ப்பக்கம் கொண்டு போகாமல் அதே பக்கத்துக் கடைசித் துளையில் நுழைத்தால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறு வளையம் நிற்கும். வலது முனையை இடது வளையத்திலும் இடது முனையை வலது வளையத்திலும் விட்டு, கீழ்நோக்கி இழுத்து, பிறகு முடிச்சுப் போட வேண்டும். ஓட்டக்காரர்கள் இதை ‘ஹீல் லாக்’ என்கிறார்கள். கயிறு கணுக்காலைச் சுற்றிப் பிடிப்பதால், முன்பகுதியை நெரிக்காமலேயே குதிகால் அடங்குகிறது. முன்பாதம் அகன்றவர்கள் கீழ் இரண்டு அடுக்கில் குறுக்கே போகாமல், கயிற்றை அந்தந்தப் பக்கமாகவே மேலேற்றி, மூன்றாவது துளையிலிருந்து குறுக்காகக் கோர்க்கலாம். பாதத்தின் மேற்பகுதி மேடாக இருந்து அங்கே அழுத்தி மரத்துப்போகிறவர்கள், வலிக்கும் இடத்தில் மட்டும் ஒரு குறுக்கை விட்டுவிட்டு நேரே மேலேற்றினால் அந்த மேட்டுக்கு ஒரு சன்னல் திறந்ததுபோல் ஆகும். பெருவிரல் நகம் கறுக்கிறதென்றால், பெருவிரல் பக்கக் கீழ்த்துளையிலிருந்து எதிர்ப்பக்க உச்சித் துளைக்குக் கயிற்றின் ஒரு முனையை நேராகச் சாய்வாகக் கொண்டுபோய், மீதித் துளைகளை மறுமுனையால் நிரப்பும் முறை ஒன்றும் உண்டு. முனையை இழுக்கும்போது சப்பாத்தின் முன்மூலை சற்றே தூக்கும். எல்லாச் சப்பாத்திலும் இது பலிக்காது. முன்பகுதி கெட்டியான சப்பாத்தில் வீண் வேலை.

கட்டியது அவிழாமல் இருக்க வேண்டுமே. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் மூவர் 2017இல் ஓடும் காலை அதிவேகப் படக்கருவியால் பிடித்து, முடிச்சு எப்படி அவிழ்கிறது என்று பார்த்தார்கள். கால் தரையில் மோதும்போது புவியீர்ப்பைப்போல் ஏழு மடங்கு விசை தாக்கி முடிச்சின் நடுப்பகுதியை நெகிழ்த்துகிறது, வீசியாடும் முனைகள் அந்த நெகிழ்வைப் பிடித்து இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் சில நொடிகளில் முடிச்சு காணாமல் போகும். நாம் போடும் காது வைத்த முடிச்சில் இரண்டு வகை உண்டு, பலருக்கு அது தெரியாது. கட்டி முடித்தபின் பாருங்கள்: காதுகள் இரண்டும் சப்பாத்துக்குக் குறுக்காக, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் அது உறுதியான வகை. விரலை நோக்கி ஒன்றும் கணுக்காலை நோக்கி ஒன்றுமாகத் திரும்பி நின்றால் அது தளரும் வகை. சரிசெய்வது எளிது. முதலில் போடும் அரை முடிச்சில் இதுவரை வலதை இடதின் மேல் போட்டிருந்தால் இனி இடதை வலதின் மேல் போட வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு பள்ளி விளையாட்டுப் போட்டியிலும் நடுவழியில் குனிந்து கயிறு கட்டும் பிள்ளை ஒன்று இருக்கிறதே, அதில் பாதிக்கு இந்தத் தலைகீழ் முடிச்சுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

இத்தனையும் கேட்ட பிறகு, தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சிரிக்கக்கூடும். ‘நாங்கள் வெறுங்காலில் ஓடவில்லையா? மரம் வெட்டவில்லையா?’ இந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். 1896இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, இரண்டாண்டு கழித்துப் புக்கிட் அசஹானில் அதை விரித்தபோது மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழிலே மலாக்காவிலிருந்து தொடங்கியது. உலகத்துக்குச் சப்பாத்தின் அடிப்பாகத்துக்கு வேண்டிய பாலை எடுத்துக் கொடுத்த சஞ்சிக் கூலிகள் பலர் வெறுங்காலோடுதான் நிரையில் நடந்தார்கள். வெறுங்காலின் பக்கம் அறிவியலும் இருக்கிறது. ராவ், ஜோசஃப் என்ற இரு இந்திய மருத்துவர்கள் 2,300 பிள்ளைகளின் பாதத்தடங்களை ஆராய்ந்து 1992இல் எழுதியதன்படி, சப்பாத்துப் போட்ட பிள்ளைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப்பாதம், போடாதவர்களில் 2.8 விழுக்காடுதான். விரல்களை மூடும் சப்பாத்துதான் அதிலும் மோசம். ஆனால் இதிலிருந்து எழும் முடிவு என்ன? காலை நெரிக்கும் சப்பாத்து கெடுதல் என்பதே. இன்றைய பிள்ளைக்கு வெறுங்கால் என்ற வழி இல்லை. பள்ளி விதி இருக்கிறது, தார்ச்சாலை இருக்கிறது, கண்ணாடிச் சில்லு இருக்கிறது. மூடிய சப்பாத்துதான் என்று ஆன பிறகு, அதற்குள் விரலுக்கு இடம் விட்டுக் குதிகாலை மட்டும் பிடிக்கும் கலை இன்னும் தேவையாகிறது. வெறுங்கால் என்றதும் எல்லாரும் இழுக்கும் அபேபே பிகிலாவும் 1960இல் ரோமில் வெறுங்காலோடு மாரத்தான் வென்றவர், 1964இல் தோக்கியோவில் சப்பாத்துப் போட்டு ஓடி, முன்னதைவிட மூன்று நிமிடம் முந்தியே வந்தார்.

இதைவிடக் கூர்மையான எதிர்வாதம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது: ‘அடிடாஸ் கம்போங்’. பால்மரம் வெட்டுபவர்கள் விடியற்காலை ஈரத்தில் போடும் அந்தக் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்துக்குப் பொதுவாகக் கயிறே கிடையாது. விலையோ சில வெள்ளிகள். அதைப் போட்டுக்கொண்டு மலையேறும் வழிகாட்டிகள் விலையுயர்ந்த சப்பாத்துக்காரர்களை முந்திப் போகிறார்கள், காட்டுவழி ஓட்டங்களிலும் அது தென்படுகிறது. கயிறு அவ்வளவு அவசியமென்றால் இது எப்படி? விடை அந்த ரப்பரிலேயே இருக்கிறது. முழுச் சப்பாத்தும் ஒரே வார்ப்பாக, நெகிழும் ரப்பரில் அமைந்திருப்பதால் அது காலை எல்லாப் பக்கமும் கவ்விக்கொள்கிறது. அடியில் உள்ள முளைகள் சேற்றைப் பிடிக்கின்றன. அதைப் போடுகிறவர்களும் ஓர் எண் பெரிதாக வாங்கிப் பின்பக்கம் லொடலொடக்க விடுவதில்லை, தடித்த காலுறையோடு சிக்கெனப் பொருந்துவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். காலைப் பிடித்து வைப்பதுதான் முக்கியம், விலை இரண்டாம் பட்சம் என்பதற்கு இந்தத் தோட்டத்துச் சப்பாத்தே முதல் சாட்சி. துணியும் வலையும் கொண்டு தைத்த ஓட்டச் சப்பாத்து தானாகக் கவ்வாது. அந்த வேலையை அதில் கயிறு செய்ய வேண்டியிருக்கிறது.

ஒட்டுப்பட்டை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு அது நல்லதுதான். தளர்வான கயிற்றைவிட இறுக்கி ஒட்டிய பட்டை மேல். பட்டை இரண்டு மூன்று இடத்தில்தான் பிடிக்கும், ஏழு இடத்தில் ஏழு அளவாகப் பிடிக்கக் கயிற்றால்தான் முடியும் என்பதால், ஓடவும் குதிக்கவும் தொடங்கும் வயதில் கயிற்றுக்கு மாறுவது முறை. இதைவிடக் கனமான மறுப்பு, அளவே தப்பாக இருந்தால் கயிறு என்ன செய்யும் என்பது. ஒன்றும் செய்யாது. இரண்டு எண் பெரிய சப்பாத்தைக் கயிற்றால் இறுக்கினால் துளைகளின் இரு வரிசையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி முட்டினால் சப்பாத்து அகலம் என்று பொருள், எட்டி விலகி நின்றால் ஒடுக்கம். காலுக்குச் சப்பாத்தா, சப்பாத்துக்குக் காலா என்பதில் மலாக்காவுக்குத் தனி வரலாறே உண்டு. 1918இல் தொடங்கிய வா ஆய்க் என்ற சீனர் கடை, பாதம் கட்டிய பெண்களுக்கு மூன்று அங்குலச் சப்பாத்து தைத்துப் பேர்பெற்றது. இன்று அவை சுற்றுப்பயணிகள் வாங்கிப்போகும் நினைவுப்பொருள். அந்தச் சின்னஞ்சிறு சப்பாத்தைப் பார்த்து ஐயோ என்று வருந்துகிறவர்கள், விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் தங்கள் பந்தயச் சப்பாத்தைப் பார்ப்பதில்லை.

விளையாட்டுக்காரர்களை மட்டும் மனத்தில் வைத்து நான் இதை எழுதவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே மிக அதிகம். மருத்துவர் நடக்கச் சொல்கிறார், மாலையில் ஆயர் குரோ ஏரிக்கரையிலும் தாமான் திடல்களிலும் நடக்கிறார்கள். இனிப்புநீரால் பாதத்தின் உணர்வு குறைந்தவர்களுக்கு, இறுக்கமாக இருந்தால்தான் சப்பாத்து இருப்பதே தெரிகிறது. ஆகவே அளவுக்கு மீறி இறுக்குவார்கள், கொப்புளம் வந்தாலும் உணர மாட்டார்கள். அந்தச் சின்னப் புண்ணிலிருந்து எங்கே போய் முடியும் என்பதை நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இவர்களுக்குச் சொல்லப்படும் பன்னாட்டு வழிகாட்டி, சப்பாத்தின் உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. நின்றபடி, முடிந்தால் பாதம் வீங்கியிருக்கும் மாலைப்பொழுதில் அளவு பார்க்கச் சொல்கிறது. காலையில் கட்டிய முடிச்சு மாலையில் வீங்கிய காலுக்கு ஆகாது. நம் வெயிலில் வீக்கம் இன்னும் கூடும். உணர்வு குறைந்தவர் தம் உணர்வை நம்பி இறுக்காமல், கயிற்றுக்கடியில் ஒரு விரல் நுழைகிறதா என்று கண்ணாலும் கையாலும் பார்த்துக் கட்ட வேண்டும். புண்ணோ நிறமாற்றமோ இருந்தால் கயிற்றோடு மல்லுக்கட்டாமல் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் பள்ளியில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றால், ஆசிரியர்கள் தலையில் இன்னொரு சுமையா என்று கேட்பார்கள். 2011இல் வந்த ‘ஒரு மாணவர், ஒரு விளையாட்டு’ கொள்கையின்படி ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு விளையாட்டில் இருந்தாக வேண்டும்; உடற்கல்விப் பாடமும் நேர அட்டவணையில் இருக்கிறது. திடலில் இறங்குமுன் உடலைச் சூடேற்றும் பயிற்சிக்குக் கொடுக்கும் நேரத்தில், ஆண்டின் முதல் வாரத்தில் ஒரு பத்து நிமிடத்தைக் கயிற்றுக்கு ஒதுக்கினால் போதும். அவிழ்த்து, குதிகாலைத் தட்டி, கீழிருந்து இறுக்கி, காதுகள் குறுக்கே கிடக்கின்றனவா என்று பக்கத்துப் பிள்ளையின் சப்பாத்தைப் பார்க்கச் சொல்லலாம். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கல் என்று நம் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் சிறியவை. ஒரு வகுப்பு முழுவதையும் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து பார்த்துவிட முடியும். பெரிய பள்ளிகளுக்குக் கிடைக்காத வசதி இது. பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. புதுச் சப்பாத்து வாங்க மாலையில் போங்கள், பிள்ளை போடப்போகும் காலுறையையே கொண்டு போங்கள், இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே அளவாக இருப்பது குறைவு. பெரிய காலுக்கு வாங்கி, சின்னக் காலைக் கயிற்றால் சரிக்கட்டுங்கள். கடைக்காரர் கோர்த்து வைத்த கயிற்றை அங்கேயே அவிழ்த்து, பிள்ளையையே கட்டவிட்டு, கடைக்குள் பத்தடி ஓடச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காசு உங்களுடையது.